புரட்டும் பரிசிலும்: கடனட்டையின் ஊர் வரலாறு

1

‘பணம் புரட்டுவது’ என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ நாலு இடத்தில் கேட்டு, நகையை வைத்து, சீட்டை எடுத்து, எப்படியோ காசு சேர்ப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். அதையே பெயர்ச்சொல்லாக்கிப் ‘புரட்டு’ என்றால் மோசடி என்று பொருள் மாறிவிடுகிறது. ஒரே செயல் எங்கே புரட்டுதல், எங்கே புரட்டு, எங்கே சாமர்த்தியம் என்று தீர்மானிப்பது யார்? கடனட்டையை முன்வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தீர்மானிப்பது ஊர்.

பெங்களூரில் இருக்கும் நண்பர்கள் சிலர் கொஞ்ச காலம் முன்புவரை ஒரு காரியம் செய்துவந்தார்கள். வீட்டு வாடகை என்ற பெயரில் கிரெடிட் கார்டிலிருந்து மைத்துனன் கணக்குக்கு ஒரு தொகை போகும். மறுநாளே அது இவர்கள் கணக்குக்குத் திரும்பிவிடும். கெடு தேதிக்குள் கார்டுக்குக் கட்டிவிடுவார்கள். வாங்கிய சரக்கு எதுவுமில்லை. ஆனாலும் வங்கியின் ஏட்டில் ஒரு செலவு பதிவாகியிருக்கும். அதற்குரிய பரிசுப் புள்ளிகளும் சேர்ந்திருக்கும். புள்ளிகள் விமான டிக்கெட்டாக, கடை வவுச்சராக மாறும். ‘உற்பத்தி செய்யப்பட்ட செலவு’ என்று பொருள்படும் பெயரை அமெரிக்கர்கள் இதற்கு வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் ‘ரொட்டேஷன் விடுறது’ என்கிறார்கள்.

மாரண்டஹள்ளியிலும் ரொட்டேஷன் உண்டு. தருமபுரிக்கும் ஓசூருக்கும் இடையில், ரயில் நின்று போகும் ஒரு பேரூராட்சி. பெயரின் வால் கன்னடம். தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து கேட்கும். இங்கே சுழற்றப்படுவது நகைக்கடன். முன்பெல்லாம் ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பித்துக்கொள்ள முடிந்தது. 2024 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி நகைக்கடன் நடைமுறைகளில் உள்ள முறைகேடுகளைச் சுட்டிச் சுற்றறிக்கை விட்டதும் வங்கிகள் பிடியை இறுக்கின. அசலையும் வட்டியையும் முழுசாகக் கட்டி நகையைத் திருப்பு, அப்புறம் மறுபடி வை என்றார்கள். அந்த இடைப்பட்ட ஒரு நாளுக்கு அசல் முழுவதையும் விவசாயி எங்கிருந்து கொண்டுவருவான்? தனியாரிடம் நாள் வட்டிக்கு வாங்கினான். 2025இல் தமிழ்நாட்டில் இது அரசியல் பிரச்சினையாகவே வெடித்தது. அந்த ஆண்டு ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட புதிய விதிகளில் சிறு கடன்களுக்குச் சில தளர்வுகள் வந்தன.

இரண்டு சுழற்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பணம் ஒரு நாள் ஒரு கையிலிருந்து கிளம்பி மறுகைக்குப் போய்த் திரும்புகிறது. இரண்டிலும் புதிதாக எந்தச் சரக்கும் பிறக்கவில்லை. இரண்டுமே ஏட்டைத் திருப்திப்படுத்துவதற்காகச் செய்யப்படும் சடங்குகள். ஒரு லட்சத்தைச் சுழற்றும் பெங்களூர் நண்பனுக்குப் புள்ளி வருகிறது. அதே ஒரு லட்சத்தைச் சுழற்றும் எங்க ஊர்க்காரனுக்குக் கையிலிருந்து வட்டி போகிறது. முன்னதை நிதி அறிவு என்றும் பின்னதைக் கடன்சுமை என்றும் எழுதுகிறார்கள். இந்தப் பெயரிடலுக்குப் பின்னால் ஒரு நிலவியல் இருக்கிறது. அதன் வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது.

2

1930களின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு, 1933இல் அமெரிக்க அரசு வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றை அமைத்தது. அது நகரங்களை நான்கு தரங்களாகப் பிரித்து வரைபடம் போட்டது. கடைசித் தரத்துக்குச் சிவப்பு நிறம். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்புக்குள் விழுந்தன. ஆளைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக் கடனை மறுக்கும் முறைக்கு ‘சிவப்புக் கோடு’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆக, கடனட்டை பிறப்பதற்கு முன்பே கடனுக்கு வரைபடம் இருந்தது.

கடனட்டை பிறந்ததும் ஒரு தேர்ந்தெடுத்த ஊரில்தான். 1958 செப்டம்பரில் பாங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் சுமார் 60,000 பேருக்கு, அவர்கள் கேட்காமலேயே தபாலில் கார்டு அனுப்பியது. பெருநகரங்களிலிருந்து ஒதுங்கிய ஊர், சோதனை தோற்றாலும் அதிகம் வெளியே தெரியாது என்பது கணக்கு. பின்னாளில் ‘விசா’ ஆனது அந்த அட்டைதான். அடுத்த திருப்பமும் இடம் சார்ந்ததே. 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு வங்கி தான் பதிவாகியுள்ள மாநிலத்தின் வட்டி விகிதத்தை வேறு மாநிலத்து வாடிக்கையாளரிடமும் வசூலிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வட்டி உச்சவரம்பை நீக்கிய தெற்கு டகோட்டாவுக்கு 1981இல் சிட்டி பாங்க் தன் கார்டு வியாபாரத்தைக் கொண்டுபோனது. வங்கிக்கு ஊர் மாறிக்கொள்ளும் சுதந்திரம். கடன்காரனுக்கு அவன் ஊர் விதி.

பரிசு இதற்குப் பின்தான் வருகிறது. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பறந்த மைல்களுக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கியது. 1986இல் டிஸ்கவர் கார்டு செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தது. 1987இல் விமான மைல்களும் கடனட்டையும் ஒன்று சேர்ந்தன. செலவுக்குப் பரிசு என்று ஆனவுடன், செலவையே தயாரித்தால் என்ன என்ற யோசனை பிறக்கத்தானே செய்யும்?

அதன் உச்சமான கதை அமெரிக்க நாணயச்சாலையில் நடந்தது. ஒரு டாலர் நாணயம் மக்களிடம் செல்லுபடியாகவில்லை. அதைப் புழக்கத்தில் விட, 2008இல் முகமதிப்புக்கே, அனுப்பும் கூலியும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பும் திட்டம் வந்தது. கடனட்டையிலும் வாங்கலாம். ஆட்கள் பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமலேயே வங்கியில் கட்டி, அந்தப் பணத்தில் கார்டு பாக்கியை அடைத்து, மைல்களை வைத்துக்கொண்டார்கள். 2011 ஜூலையில் நாணயச்சாலை கார்டு விற்பனையை நிறுத்தியது. அப்புறம் பரிசு அட்டைகள் வந்தன. எழுதுபொருள் கடையிலோ மளிகைக் கடையிலோ கடனட்டையில் பரிசு அட்டையை வாங்குவது, அதைக் கொண்டு வால்மார்ட்டிலோ தபால் நிலையத்திலோ மணியார்டர் எடுப்பது, மணியார்டரை வங்கியில் கட்டுவது. இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு கடை. எந்தச் சங்கிலிக் கடை எத்தனை மைலில் இருக்கிறது, கல்லாவில் இருப்பவர் மறுக்காமல் கொடுப்பாரா, வங்கிக் கிளை எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தே வருமானம். பெட்ரோலும் நேரமும் புள்ளியைத் தின்றுவிடும் ஊரில் இருப்பவன் இந்த ஆட்டத்துக்கு வெளியே நிற்கிறான்.

3

பழைய சிற்றிதழ்க் கட்டுகளைப் படித்து வளர்ந்த எனக்கு, இந்த இடத்தில் ழான் போத்ரியார் ஞாபகத்துக்கு வருவது இயல்பு. மூலம் இல்லாத நகல், வாங்குதல் இல்லாத வாங்கல், குறி குறியையே சுட்டும் விளையாட்டு என்று இதை அழகாக எழுதிவிடலாம். மார்க்ஸின் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதி வட்டி மூலதனத்தைப் பற்றிச் சொல்வதும் பொருந்துகிற மாதிரித் தெரியும்: பணம்–சரக்கு–பணம் என்ற சுற்றில் நடுவிலுள்ள சரக்கு காணாமல்போய், பணம் பணத்தையே ஈனுவதுபோல் ஒரு தோற்றம்.

அது தோற்றம்தான் என்பதையும் மார்க்ஸ் சேர்த்தே சொன்னார். குறிகளின் விளையாட்டோடு நிறுத்திக்கொள்ளும் வாசிப்பு தப்பவிடுவது இதைத்தான். புள்ளிகளின் பின்னால் ஒரு கல்லாப்பெட்டி இருக்கிறது. கார்டைத் தேய்த்து நூறு ரூபாய்க்கு வாங்கினால் கடைக்காரனுக்கு ஏறத்தாழ தொண்ணூற்றெட்டு ரூபாய்தான் வந்து சேரும். மீதியில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கும், கொஞ்சம் கடைக்காரனின் வங்கிக்கும், கொஞ்சம் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே மாதிரியான வலையமைப்புக்கும் போகிறது. கார்டு வங்கி தன் பங்கிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி ‘பரிசு’ என்று நம் கையில் வைக்கிறது. கடைக்காரன் இழந்த இரண்டு ரூபாயை விலையில் ஏற்றுகிறான். அந்த விலையை ரொக்கம் கொடுத்து வாங்குபவனும் தருகிறான்.

இதைக் கணக்கிட்டே பார்த்திருக்கிறார்கள். பாஸ்டன் பெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கணிப்பின்படி, ரொக்கம் பயன்படுத்தும் அமெரிக்கக் குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரைக் கார்டு பயன்படுத்தும் குடும்பங்களுக்குக் கொடுக்கிறது. கார்டு பயன்படுத்தும் குடும்பம் 1,133 டாலரைப் பெறுகிறது. 2023இல் பெடரல் ரிசர்வ் வெளியிட்ட இன்னொரு ஆய்வுக் கட்டுரை கார்டு வைத்திருப்பவர்களுக்கு உள்ளேயே புகுந்து பார்த்தது. ஆண்டுக்கு 1,500 கோடி டாலர், படிப்புக் குறைந்தவர்களிடமிருந்து படித்தவர்களுக்கும், ஏழைப் பகுதிகளிலிருந்து பணக்காரப் பகுதிகளுக்கும், சிறுபான்மையினர் அதிகம் வாழும் பகுதிகளிலிருந்து குறைவாக வாழும் பகுதிகளுக்கும் நகர்கிறது என்பது அதன் மதிப்பீடு. தெருவுக்குத் தெரு பணம் பெயர்கிறது. 1930களின் சிவப்புக் கோட்டுக்கும் இதற்கும் உள்ள உறவை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மாற்றே இல்லையா என்றால், இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் வங்கிகளுக்கு இடையே கைமாறும் இந்தக் கட்டணத்துக்குக் கடனட்டையில் 0.3 சதவீதம், டெபிட் அட்டையில் 0.2 சதவீதம் என உச்சவரம்பு கட்டியது. கிள்ளிக் கொடுக்கத் துண்டு இல்லாததால் அங்கே பரிசுகள் மெலிந்தவை. கெட்டிக்காரத்தனம் என்று கொண்டாடப்படுவது, உண்மையில் ஒரு நாட்டின் சட்டம் திறந்துவைத்திருக்கும் ஓட்டையின் அளவுதான்.

4

இந்தியாவில் கதை வேறு வழியாகப் போய் அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையானபோது சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று, கடன் பெருநகரங்களைத் தாண்டிப் போகவில்லை என்பது. அதே ஆண்டு மாவட்டத்துக்கு ஒரு முன்னோடி வங்கி என்ற திட்டம் வந்தது. தருமபுரிக்கு இந்தியன் வங்கி அமைந்தது. 1977இலிருந்து 1990வரை, ஏற்கெனவே வங்கி இருக்கும் இடத்தில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால் வங்கியே இல்லாத நான்கு இடங்களில் திறக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஊரைப் பார்த்துக் கடனைக் கொண்டுபோகும் கொள்கை அது. குறைகள் நிறைய. ஆனாலும் திசை சரி.

கடனட்டை இந்தத் திசைக்கு எதிராக நடந்த பண்டம். 1980இல் சென்ட்ரல் பாங்க் முதல் அட்டையை வெளியிட்டாலும், அது வியாபாரமானது 1990களில், சிட்டி பாங்க் மாதிரியான வெளிநாட்டு வங்கிகள் மூலம், பெருநகரச் சம்பளக்காரர்களிடம்தான். (அதே சிட்டி பாங்க் 2023இல் தன் இந்திய கார்டு வியாபாரத்தை ஆக்சிஸ் வங்கிக்கு விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டது.) 2024 தொடக்கத்தில் நாட்டின் கடனட்டைகள் பத்துக் கோடியைத் தாண்டின. ஒருவரே நாலைந்து வைத்திருப்பதால், ஆட்களின் எண்ணிக்கை அதைவிடக் குறைவு.

1972 ஆகஸ்ட் 15 அன்று தபால் துறை பின்கோடு முறையைக் கொண்டுவந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் முகவரிகள். கடிதம் தொலையாமல் போய்ச்சேர ஆறு இலக்கம். ஜனநாயகமான ஏற்பாடு: எந்தக் குக்கிராமத்துக்கும் ஒரு எண் உண்டு. அதே எண்தான் இன்று கார்டு விண்ணப்பத்தில் முதலில் கேட்கப்படுகிறது. ஒரு தனியார் வங்கியின் பக்கத்தில் எங்க ஊர் எண்ணைப் போட்டேன். என் சம்பளத்தையோ கடன் வரலாற்றையோ அது கேட்கவே இல்லை. உங்கள் பகுதிக்கு எங்கள் சேவை இல்லை என்று முடித்துக்கொண்டது. ஓசூரில் இருக்கும் நண்பரின் முகவரி எண்ணுக்குப் பக்கம் திறந்தது. கடிதத்தைக் கொண்டுசேர்க்கப் பிறந்த எண், ஆளைத் தள்ளி நிறுத்தும் எண்ணாகிவிட்டது. 2000இல் தொடங்கிய சிபில் நிறுவனத்தின் 300 முதல் 900 வரையிலான மதிப்பெண் தனிமனிதனை அளக்கிறது என்கிறார்கள். அந்த அளவுகோலுக்குப் போகுமுன் ஊர் அளக்கப்பட்டுவிடுகிறது.

கார்டு கிடைத்தாலும் அதை எங்கே தேய்ப்பது? 2017 மார்ச்சில் பேடிஎம் நிறுவனம், கடனட்டையில் வாலட்டை நிரப்பினால் 2 சதவீதம் கட்டணம் என்று அறிவித்தது. வாலட்டை நிரப்பி, அப்படியே தங்கள் வங்கிக் கணக்குக்கு மாற்றி, சிலர் இலவசமாகப் புள்ளி சேர்க்கிறார்கள் என்பது அது சொன்ன காரணம். எதிர்ப்பு வந்ததும் ஓரிரு நாளில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. 2022 ஜூனில் வங்கியல்லாத நிறுவனங்களின் வாலட்டுகளையும் முன்பண அட்டைகளையும் கடன் வரம்பிலிருந்து நிரப்பக் கூடாது என்றது ரிசர்வ் வங்கி. வாடகை வழி மிஞ்சியது. 2022 அக்டோபரில் ஐசிஐசிஐ வங்கி வாடகைக்கு 1 சதவீதம் கட்டணம் போட்டது, மற்றவையும் தொடர்ந்தன. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள், தங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்ட வணிகர்களுக்காக மட்டுமே இடைநிலை நிறுவனங்கள் பணம் வாங்கலாம் என்றதும், பெரிய செயலிகள் வாடகைச் சேவையை நிறுத்தின.

கவனியுங்கள்: இந்த வழிகளில் பெரியது ‘வாடகை’ என்ற பெயரில் ஓடியது. மாதம் முப்பதாயிரம் வாடகை என்றால் பெங்களூரில் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. மாரண்டஹள்ளியில் அப்படி ஒரு வாடகை வீடே கிடையாது. பொய்ச் செலவு நம்பும்படி இருக்க அதற்கும் ஒரு ஊர்ப் பின்னணி தேவைப்படுகிறது.

இப்போது எங்க ஊர் டீக்கடையிலும் கட்டம்போட்ட க்யூஆர் அட்டை தொங்குகிறது. 2022 செப்டம்பரிலிருந்து ரூபே கடனட்டையை யுபிஐயில் இணைத்து வணிகர்களுக்குப் பணம் செலுத்த முடிகிறது. சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரை கட்டணம் கிடையாது. நல்ல விஷயம்தான். ஆனால் கடைக்காரனிடமிருந்து பிடிக்க முடியாத இடத்தில் வங்கிக்குப் பரிசு கொடுக்க மனசு வருவதில்லை. பல கார்டுகளில் இந்த வகைச் செலவுக்குப் புள்ளி குறைவு, அல்லது வரம்பு உண்டு. ஜன்தன் கணக்கோடு வந்த ரூபே டெபிட் அட்டைக்கோ, 2020 ஜனவரியிலிருந்து வணிகரிடம் கட்டணமே கிடையாது; அதனால் பரிசும் பெரும்பாலும் கிடையாது. சிறு கடைக்காரனைக் காப்பாற்றும் விதி சரியானது. அதே விதி பெரிய கடைகளின் கடனட்டைக் கட்டணத்தைத் தொடவில்லை. ஆகவே பரிசு அங்கேயே குவிகிறது. சோப்புக்கட்டியின் மேல் அச்சிட்ட அதிகபட்ச விலை பெங்களூர் மாலுக்கும் எங்க ஊர்ப் பெட்டிக்கடைக்கும் ஒன்றுதான். மால்காரன் கார்டுக்குக் கொடுக்கும் கட்டணமும் அந்த விலைக்குள் இருக்கும் லாபப்பங்கிலிருந்துதான் போக வேண்டும். ரொக்கத்தில் சோப்பு வாங்கும் கூலிப்பெண்ணின் ரூபாயிலும் அதன் துளி இருக்கிறது என்பது என் வாதம்.

புள்ளியைச் சேர்க்க மட்டுமல்ல, செலவழிக்கவும் ஊர் வேண்டும். விமான நிலையத்து ஓய்வறை, விமான டிக்கெட், ஹோட்டல் அறை இவைதான் புள்ளிக்கு அதிக மதிப்புத் தருபவை. தருமபுரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை.

5

கணக்கு ஏட்டுக்குச் சோதனைக்களமாக இருப்பது தருமபுரிக்குப் புதிதல்ல. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கம்பெனிக்குக் கைமாறிய பாரமகாலில்தான் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறைக்கு அடிப்படை போட்டார்கள். ஊர் மொத்தமாகக் கட்டிய வரியை உடைத்து, வயல் வயலாக அளந்து, ஆள் ஆளாகப் பெயர் எழுதினார்கள். தனிமனிதன் அரசின் ஏட்டில் கடன்பட்டவனாக நுழைந்த தருணங்களில் அது ஒன்று.

இருநூறு ஆண்டு கழித்து, 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியதும் தருமபுரி மாவட்டத்தில்தான். இன்று தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இது முன்மாதிரி. மன்றோவின் ஏடு ஆளைத் தனியாகப் பிரித்தது. குழு ஏடு மறுபடி சேர்த்துக் கட்டியது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. வாரா வாரம் சேமிப்பு, தீர்மான நோட்டு, கடன், திருப்பம். தவணை தவறக் கூடாது என்று பக்கத்து வீட்டில் புரட்டிக் கட்டிய பெண்கள் எத்தனை பேர்! பின்னால் வந்த நுண்கடன் கம்பெனிகள் அந்த ஒழுங்கை முதலாக எடுத்துக்கொண்டு, குழுவின் பெயரில் வட்டிக்கடை போட்டன. ஒரு கம்பெனியின் தவணையை இன்னொரு கம்பெனியின் கடனால் அடைப்பது இங்கே சகஜம். இதுவும் ரொட்டேஷன்தான். வசூல் நெருக்கடி முற்றி, கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

தவணை தவறாமைக்குப் பெங்களூரில் பரிசு. மாரண்டஹள்ளியில் அதற்குக் கிடைப்பது அடுத்த கடன்.

6

எங்கள் மாவட்டத்தின் பழம்பெயர் தகடூர், அதியமான் ஊர். ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்தது. மாவட்டத்தின் கிராம வங்கிக்கே ஒரு காலத்தில் அதியமான் பெயர்தான். 2006இல் அது பல்லவன் கிராம வங்கிக்குள்ளும், 2019இல் தமிழ்நாடு கிராம வங்கிக்குள்ளும் கரைந்துபோனது. ஆனால் அதியமானைப் பற்றி இன்னொரு பாட்டும் இருக்கிறது, புறநானூறு 208. பாடியவர் பெருஞ்சித்திரனார். குன்றும் மலையும் கடந்து வந்த புலவனை நேரில் பார்க்காமலேயே, இதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று மன்னன் பரிசில் அனுப்புகிறான். புலவர் மறுத்துவிடுகிறார். முகம் பார்க்காமல் கொடுப்பது வணிகனோடு செய்யும் பரிமாற்றம்; என் தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவும் போதும் என்பது அவர் நிலை.

இதை மானம், செருக்கு என்று மட்டுமே வாசித்துப் பழகியிருக்கிறோம். எனக்கு இதில் பரிசிலுக்கும் வியாபாரத்துக்கும் கோடு கிழிக்கும் ஒரு பொருளியல் தெரிகிறது. கார்டு கம்பெனியின் ‘பரிசு’ நம்மைக் காணாமல் வருவது. அது நம் பின்கோடைக் காண்கிறது, மதிப்பெண்ணைக் காண்கிறது. எங்கிருந்து வருகிறது என்பதை நாம் காணாதபடியும் பார்த்துக்கொள்கிறது.

எல்லா ஊருக்கும் கார்டு கொடு, எங்களுக்கும் புள்ளி கொடு என்று நான் கேட்கவில்லை. கெடு தவறினால் கடனட்டையின் வட்டி நாள் வட்டிக்காரனுக்குச் சளைத்ததில்லை. நான் கேட்பவை வேறு. ஊரைக் காரணம் காட்டிக் கடனை மறுக்கும் வங்கி, அந்தப் பின்கோடு பட்டியலைப் பொதுவில் வைக்கட்டும். கடனட்டைக் கட்டணத்துக்கு ஐரோப்பா மாதிரி இங்கேயும் உச்சவரம்பு வேண்டும் என்பதை நுகர்வோர் சங்கங்களும் வணிகர் சங்கங்களும் சேர்ந்தே பேசலாம். ஒரு நாள் ஏட்டுச் சடங்குக்காக விவசாயியை நாள் வட்டிக்காரனிடம் தள்ளும் விதி எதுவானாலும் அதன் விலையை வங்கி ஏற்கட்டும்.

எழுதுபவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பாரமகால் ஆவணங்களைச் சென்னை மாகாண அரசு அச்சில் பாதுகாத்தது. ஆராய்ச்சியாளர்கள் இன்றும் படிக்கிறார்கள். குழுக்களின் தீர்மான நோட்டுகளும், அடகு ரசீதுகளும், நாள் வட்டிக்காரனின் துண்டுச்சீட்டுகளும் பரணில் கிடந்து செல்லரிக்கின்றன. இவற்றை ஊர்வாரியாகச் சேகரிக்கத் தொடங்கினால், யார் பணம் எந்த ஊருக்குப் போய் யாருக்குப் பரிசாகிறது என்ற வரைபடத்தை நாமே போடலாம். மாரண்டஹள்ளி, பாலக்கோடு பகுதியில் இந்த வேலைக்கு வரத் தயாராக இருப்பவர்கள் எழுதலாம்.